கறுப்பா குண்டா இருக்கேன்னு கல்யாண வீட்டுக்குப் போகாம இருக்குற தங்கச்சிக்கு

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. தங்கச்சிக்கு வயசு 24, பர்மாவுல பகோ பக்கம் வீடு, வேலைக்காக யாங்கோன்ல ரூம் எடுத்து தங்கியிருக்கு. நிறம் நல்ல கறுப்பு, உடம்பு கொஞ்சம் பூசினாப்ல. ரெண்டு தடவ பொண்ணு பாத்துட்டுப் போயி பதிலே சொல்லல, அதுல இருந்து சொந்தக்காரங்க கல்யாணம் காதுகுத்து எதுக்கும் போறதில்ல, போட்டோ எடுத்தா பின்னாடி போய் நின்னுக்கறது, ஃபேஸ்புக் லைவ்ல வித்த ஒரு க்ரீம வாங்கி அஞ்சு மாசமா போடுது, ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்திடுச்சு. "உன்னை நீயே ஏத்துக்கன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா, எப்படி ஏத்துக்கறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க, கண்ணாடியப் பாத்தா அழுகைதான் வருது" இதுதான் கேள்வி.

நான் யாங்கோன்ல ஒரு தோல் க்ளினிக்ல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்தவ, இப்ப ஞாயித்துக்கிழமை நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களோட உக்காந்து பேசறதுண்டு, அதனால இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்ல. எல்லாத்தையும் நேர்ல சொல்ற மாதிரியே சொல்றேன்மா.

மனசு விஷயத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல அந்த க்ரீம். டப்பா மேல உள்ள என்ன இருக்குன்னு எழுதல, வெறும் பூப் படமும் வெள்ளை முகமும்தான் இருக்குன்னு சொன்னியே, அந்த மாதிரி டப்பால பெரும்பாலும் மூணுல ஒண்ணு இருக்கும், சில சமயம் ரெண்டு மூணும் சேந்தே இருக்கும். ஒண்ணு ஸ்டீராய்டு, கிளோபெட்டசால் பீட்டாமெத்தசோன் மாதிரி. போட்ட ரெண்டு மூணு வாரத்துல முகம் வழவழன்னு வெளுத்து பரு எல்லாம் அடங்கி, எல்லாரும் என்ன போடறேன்னு கேக்கற மாதிரி ஆயிடும். மாசக்கணக்குல போனா தோல் மெலிஞ்சு போயிடும். என் கண்ணு முன்னாடி வந்து உக்காந்த ஒரு பொண்ணு இன்னும் ஞாபகத்துல இருக்கா, கன்னத்துல தோல் அவ்ளோ மெலிசா இருந்துச்சு, சிவப்பு நரம்பு நூல் நூலா வெளிய தெரிஞ்சது, ஜன்னல் பக்கம் உக்கார வச்சா வெயில் பட்டு எரியுதுன்னு கைய வச்சு மூடிக்கிட்டா, மேல் உதட்டுலயும் தாடையிலயும் முடி வளர ஆரம்பிச்சிருந்துச்சு. அவ க்ரீம விட முடியாம தவிச்சதுக்குக் காரணம் என்னன்னா, ரெண்டு நாள் போடாம இருந்தா முகம் நெருப்பா சிவந்து வீங்கிக்கும், உடனே ஐயோ பழையபடி ஆயிட்டேன்னு பயந்து திரும்பப் போடுவா. அது க்ரீம் பண்ற வேலை, உன் முகத்தோட குத்தம் ஒண்ணும் கிடையாது, டாக்டர் மேல்பார்வையில விட்டா அடங்கும், நாள் ஆகும், ஆனா அடங்கும்.

இன்னொண்ணு பாதரசம். இது ரொம்ப மோசம், தோல் வழியா உள்ள போயி கிட்னிய கெடுக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும், காரணமே இல்லாம எரிச்சலா வரும். போடறவங்களுக்கு மட்டுமில்ல, ஒரே தலகாணி, ஒரே துண்டு, முகத்தோட முகம் வச்சுக் கொஞ்சற கைக்குழந்தை வரைக்கும் போகும். மினமாட்டா ஒப்பந்தம்னு 2013ல உலக நாடுகள் சேந்து போட்டாங்க, 2017ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுல அழகு க்ரீம்ல கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல பாதரசம் கூடாதுன்னு வச்சாங்க, அப்புறம் 2023ல கூடி அந்த அளவையும் எடுத்துட்டு சுத்தமாவே கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. ஆனா லைவ்ல விக்கறவங்க எங்க இதெல்லாம் பாக்கறாங்க. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், டப்பால "தங்கம் வெள்ளி அலுமினியம் ரப்பர் மேல படாம பாத்துக்கவும்"னு எழுதியிருந்தாலோ, விக்கறவங்க மோதிரத்தக் கழட்டிட்டுப் போடுங்கன்னு சொன்னாலோ, தொடாத. கலோமெல், மெர்க்குரிக் அப்படின்னு ஏதாவது பேர் இருந்தாலும் அதேதான். மூணாவது ஹைட்ரோக்வினோன், டாக்டர் பாத்து கொஞ்ச நாளைக்கு எழுதித் தர்றது வேற, கண்ட அளவுல வருஷக்கணக்குல போட்டா சில பேருக்கு முகத்துல நீலமும் கறுப்புமா திட்டு விழுந்து போகவே போகாது. நம்ம ஜனங்க நிறைய இருக்குற தென்னாப்பிரிக்காவுல இதனால எத்தனையோ பொம்பளைங்க முகம் பாழாகி, 1990ல தோல் வெளுக்க வைக்கிற க்ரீமுக்கே தடை கொண்டு வந்தாங்க.

அதனால இந்த வாரத்துக்குள்ள ஒரு தோல் டாக்டரப் பாரு, க்ரீம் டப்பாவ பாலிதீன் கவர்ல கட்டிக் கைல எடுத்துட்டுப் போ, எத்தனை மாசம் போட்டேன்னு மறைக்காம சொல்லு, பாதரசம் ஏறியிருக்கான்னு பாக்க யூரின் டெஸ்ட் எடுக்கணுமான்னு நீயே கேளு. திட்டுவாங்களோன்னு பயப்படாத, இந்தக் க்ரீமோட தினமும் யாராவது வந்துக்கிட்டேதான் இருக்காங்க. தனக்கான்னு பர்மாவுல முகத்துல பூசற மரக்கட்டை அரைப்பு, அது போட்டுக்கறதுக்கு ஒண்ணும் தடையில்ல, நானும் வீட்ல கட்டைய கல்லுல தண்ணி விட்டு அரைச்சுதான் போடறேன், முகம் குளுகுளுன்னு இருக்கும், வாசனைக்காகவும் குளுமைக்காகவும் போடு, நிறம் மாறுதான்னு தினம் கண்ணாடியில செக் பண்றதுக்காகப் போடாத, அது மறுபடியும் உன்னை அதே எடத்துல கொண்டு போய் விட்டுடும்.

நிறத்தப் பத்தி தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நிறம் உண்டாக்குற செல்லு, மெலனோசைட்னு சொல்லுவாங்க, அது வெள்ளைக்காரிக்கும் உனக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், அது செய்யற மெலனின் எவ்ளோ, எந்த வகை, எப்படிப் பரவியிருக்குங்கறதுலதான் வித்தியாசம். அந்த மெலனின்தான் வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர உள்ள விடாம தடுக்குது. காவிரிக் கரையிலயும் ராம்நாட்டுப் பக்கமும் தலமுறை தலமுறையா வெயில்ல நின்னு வயல் வேலை பாத்தவங்க உடம்பு, இங்க வந்து ஐராவதி டெல்டாவுல இடுப்பளவு சேத்துல நெல்லு நட்ட உடம்பு, அதுக்குத் தேவையானபடிதான் அது இருக்கு.

இப்ப மனசுக்கு வரேன். உன்னோட ஒவ்வொரு வரியிலயும் யாரோ சொன்னதுதான் இருந்துச்சு, கவனிச்சியா? "அத்தை சொன்னாங்க இன்னும் கறுத்துட்டேன்னு", "பெரியம்மா சொன்னாங்க இப்படியே இருந்தா யார் கட்டுவான்னு", "ஆபீஸ்ல வலாதெ, அதாவது குண்டாயிட்டேங்கறாங்க". பர்மாக்காரங்க பாத்ததும் குண்டாயிட்டேன்னு சொல்றது அவங்க நலம் விசாரிக்கிற வழி, பாதிப் பேர் அத மனசுல வச்சுச் சொல்றதே இல்ல, சொல்லிட்டு உடனே சாப்ட்டியான்னு கேப்பாங்க. ஆனா நிறம் விஷயம் அப்படி இல்ல, நம்ம இந்திய வம்சத்து ஆளுங்கள மட்டமா கலான்னு கூப்பிடற வார்த்தை எப்பவுமே நிறத்தையும் மூக்கையும் பாத்துத்தான் வருது, ஸ்கூல் போன முதல் வாரத்துலயே நம்ம பிள்ளைங்க காதுல அது விழுந்துடும். இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம் உண்டு. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப லட்சக்கணக்குல நம்மாளுங்க நடந்தே போனாங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர். 1964ல கடை கண்ணியெல்லாம் கவர்ன்மென்ட் எடுத்துக்கிட்டப்ப இன்னும் லட்சக்கணக்கானவங்க கப்பல் ஏறினாங்க. மிச்சம் இருந்தவங்க கண்ணுல படாம இருந்தா போதும்னு வாழ்ந்தவங்க. பிள்ளைக்கு பர்மாப் பேர் வச்சாங்க, லோஞ்சி கட்டினாங்க, தெருவுல தமிழ் பேசாதன்னு சொன்னாங்க. பேர மாத்தலாம், துணிய மாத்தலாம், பேச்ச மாத்தலாம், நிறத்த மாத்த முடியல. அதனாலதான் உங்க ஆயாவும் அத்தையும் வெயில்ல போகாத, பால்ல குங்குமப்பூ போட்டுக் குடி, கஸ்தூரி மஞ்சள் பூசுன்னு ஓயாம சொல்றது, அவங்களுக்கு உன்ன பிடிக்காம இல்ல, நீ தனியாத் தெரிஞ்சா உனக்கு ஏதாவது ஆயிடுமோங்கற பயம் அது, தலமுறையா இறங்கி வந்த பயம். அவங்க பயப்பட்டதுக்கு நியாயம் இருந்துச்சு. ஆனா அந்தப் பயத்த நீ உன் உடம்போட குறைன்னு எடுத்துக்கிட்ட பாரு, அங்கதான் தப்பாப் போச்சு. உன்கிட்ட வந்து சேந்தது ஒரு பழைய பயம், உன் தோல்ல கோளாறு ஒண்ணும் இல்ல. இது புரிஞ்சா அத்தை மேல கோவமும் குறையும், உன் மேல வெறுப்பும் குறையும், நான் பாத்த வரைக்கும் ரெண்டும் சேந்துதான் குறையுது.

அடுத்தது போன். இத நிறைய பேர் லேசா எடுத்துக்கறாங்க, ஆனா இதப் பத்தி நல்ல ஆதாரம் இருக்கு. ஃபிஜித் தீவுல நட்ரோகான்னு ஒரு மாகாணம், அங்க காலங்காலமா நல்லா தாட்டியா இருக்குறதுதான் அழகு, யாராவது இளைச்சுப் போனா வீட்ல கவலப்படுவாங்க. 1995ல அங்க டிவி வந்துச்சு. ஆன் பெக்கர்னு ஒரு அமெரிக்க டாக்டரம்மா டிவி வந்த கொஞ்ச வாரத்துலயே ஸ்கூல் பொண்ணுங்கள கேட்டு எழுதி வச்சாங்க, திரும்ப 1998ல போயி அதே மாதிரி வேற ஸ்கூல் பொண்ணுங்கள கேட்டாங்க. சாப்பாட்டுப் பழக்கம் கவலப்படற அளவுக்குக் கெட்டிருந்தவங்க 12.7 சதவீதமா இருந்தது 29.2 சதவீதமா ஏறிடுச்சு, உடம்பு குறைக்கணும்னு வாந்தி எடுக்கறவங்க முதல்ல ஒருத்தர் கூட இல்ல, மூணே வருஷத்துல 11.3 சதவீதம். மூணு வருஷத்துல அந்த ஊர்ப் பொண்ணுங்க உடம்பா மாறிப்போச்சு? இல்ல, பாக்கற கண்ணுதான் மாறிச்சு. இத நம்ம ஊருக்குப் பொருத்திப் பாரு, 2014ல புது கம்பெனிங்க வந்து சிம் 1500 கியாட்டுக்குக் கிடைக்க ஆரம்பிச்சப்பதான் நம்ம ஜனங்க கைக்கு போன் வந்துச்சு, அதுக்கு முன்னாடி சிம் வாங்கணும்னா ஒரு குடும்பத்தோட சேமிப்பே கரையும். உன் வயசுப் பொண்ணுங்க பெரிய மனுஷியாகற நேரமும் ஃபேஸ்புக் வந்த நேரமும் ஒண்ணாப் போச்சு. முன்ன கொரியா சீரியல் பாக்கறதுன்னா ராத்திரி ஒரு மணி நேரம், இப்ப பஸ்ல, வேலையில, படுக்கையில எந்நேரமும் வெளுத்த முகம், அதுவும் நிஜ முகம் கூட கிடையாது, கேமராவே தானா வெளுக்க வச்சு மூக்க ஒடுக்கிக் காட்டுது. 2021ல ஃபேஸ்புக்க தடை பண்ணினப்புறமும் விபிஎன் போட்டாவது பாக்கறோம், விட முடியல.

நீ போன தூக்கிப்போடுன்னு நான் சொல்லல, குடும்பத்தோட பேசறது வேலை தேடறது எல்லாம் அதுலதான இருக்கு. க்ரீம் விக்கற லைவ், உடம்பு இளைக்கிற டீ, அழகு குறிப்பு இதெல்லாம் வந்தா மறைச்சுடு, ஒவ்வொண்ணா மறைச்சா ரெண்டு மூணு வாரத்துல வர்றது குறையும். அதுக்கு பதிலா நம்ம நிறத்துல இருக்குறவங்க ஏதாவது வேலை செய்யறதப் பாரு, சமைக்கிறவங்க, பாடறவங்க, டீச்சருங்க, நர்ஸுங்க, பந்து ஆடறவங்க. அழகா இருக்காங்கன்னு தேடிப் பிடிச்சுப் பாக்க வேணாம், சும்மா கண்ணுல பட்டாப் போதும். ஃபிஜியில மூணு வருஷத்துல கண்ணு அந்தப் பக்கம் மாறிச்சுன்னா இந்தப் பக்கமும் மாறும். உன் போன் கேமராவுல அந்த பியூட்டி செட்டிங்க ஆஃப் பண்ணி வை. முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும்.

சரி, எப்படி ஏத்துக்கறது. கண்ணாடி முன்னாடி நின்னு நான் அழகு நான் அழகுன்னு சொல்லிக்கச் சொல்றாங்கன்னு எழுதியிருந்த, அது உனக்கு வேலை செய்யலைன்னா உன்மேல குறை இல்ல. 2009ல கனடாவுல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க, தன்னப் பத்தி ஏற்கனவே தாழ்வா நெனக்கிறவங்கள நான் அன்பு காட்டத் தகுந்த ஆளுங்கற மாதிரி சொல்லச் சொன்னா அவங்க மனநிலை இன்னும் கீழ போகுது. மனசு நம்பாதத வாய் சொன்னா, உடனே உள்ளுக்குள்ள இல்ல இல்லன்னு வக்கீல் மாதிரி ஒண்ணு எழுந்து எதிர்வாதம் பண்ணும். அதனால அழகுன்னு நம்ப வேண்டிய கட்டாயமே உனக்கு வேணாம். உன் உடம்பு உனக்குப் பிடிக்கலைன்னாலும் அத நல்லா நடத்த முடியும், பிடிக்கலைங்கற நெனப்போடயே கல்யாண வீட்டுக்குப் போக முடியும். முதல்ல இளைக்கட்டும், முதல்ல வெளுக்கட்டும், அப்புறம் வாழலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க பாரு, அத நிறுத்தறதுதான் முதல் வேலை, பிடிச்சுப் போறது பின்னாடி மெதுவா வந்தா வரட்டும், வராட்டியும் பரவால்ல.

கண்ணாடிக்கு ஒரு பயிற்சி இருக்கு, சைக்காலஜிஸ்ட்டுங்க செய்ய வைக்கிறது, நான் பொண்ணுங்களுக்கு சொல்லித் தர்றது. பகல் வெளிச்சத்துல, அவசரம் இல்லாத நேரம், முழு உடம்பு தெரியற கண்ணாடி முன்னாடி நில்லு. தலைல இருந்து கால் வரைக்கும் என்ன தெரியுதோ அத வாய்விட்டு சொல்லு, ஆனா தீர்ப்பு சொல்லாத. தொடை அசிங்கமா இருக்குன்னு சொல்ல வேணாம், தொடை அகலமா இருக்கு, உள்பக்கம் நிறம் கொஞ்சம் அடர்த்தி, முட்டிக்கு மேல சின்னதுல விழுந்த தழும்பு இருக்குன்னு சொல்லு. முடி சுருட்டை, காதுல தோட்டு ஓட்டை கொஞ்சம் இறங்கியிருக்கு, கழுத்துல மூணு கோடு. ஒரு எடத்துலயே நிக்காத, பிடிக்காத எடத்துக்குக் கொடுக்கற அதே நேரத்ததான் மத்த எடத்துக்கும் கொடுக்கணும். முதல் தடவை அழுகை வரும், வரட்டும், அழுதுக்கிட்டே முடி. இத தினம் நடுராத்திரி உக்காந்து செய்யாத, வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். மத்த நேரத்துல வயித்தப் பிடிச்சுப் பாக்கறது, கண்ணாடி இருக்குற ஒவ்வொரு கடையிலயும் நின்னு செக் பண்றது, இதெல்லாம் குறைச்சுக்க, அந்தச் செக் பண்றதுதான் கவலைக்குத் தீனி.

எழுதற பயிற்சி இன்னொண்ணு, நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்துல உண்டாக்கினது, 2015ல வெளிவந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம், உன் உடம்பு என்னவெல்லாம் செய்யுது, அது உனக்கு ஏன் முக்கியம்னு எழுதணும். தோற்றத்தப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. எங்க பொண்ணுங்க எழுதினதுல ஒருத்தி எழுதியிருந்தா, என் கைதான் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சப்புறம் தலை பின்னி விட்டுச்சு, என் காலுதான் கோயில் திருவிழாவுல காவடிக்குப் பின்னாடி வெறுங்காலோட அந்த தார் ரோட்டுல கடைசி வரைக்கும் நடந்துச்சு, என் தொண்டைதான் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுக்குதுன்னு. அவ கை குண்டு, காலு குண்டு, அதுல எங்கயும் அது வரல. இதத் தமிழ்லயே எழுதணும்னு இல்ல, பர்மால எழுத சுலபம்னா பர்மால எழுது, யாருக்கும் காட்டவும் வேணாம்.

உன்னையே நீ திட்டிக்கறதப் பத்தியும் சொல்லணும். கிறிஸ்டின் நெஃப்னு அமெரிக்காவுல ஒரு பேராசிரியை, தன்மேலயே கருணை வைக்கிறதப் பத்தி 2003ல இருந்து எழுதறாங்க, அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இந்த வேதனை உனக்கு மட்டும் வந்ததில்லைங்கறத ஞாபகம் வச்சுக்கறது. நீ மண்டபத்துக்குள்ள நுழையறப்போ எல்லாரும் உன்னைப் பாக்கறாங்கன்னு நெனக்கிற, ஆனா அங்க இருக்குற பாதிப் பொண்ணுங்க தன் கையப் பாத்துக் கூசிக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க, வெளுப்பா இருக்கறவளுக்கு பருவப் பத்திக் கவலை, ஒல்லியா இருக்கறவளுக்கு மார்பு இல்லைன்னு கவலை. பசங்களும்தான், ஜிம்முக்குப் போயி யாரோ குடுத்த ஊசிய போட்டுக்கிட்டு வர்ற தம்பிங்கள எனக்குத் தெரியும், அவங்க வாயத் தெறந்து சொல்றதில்ல, அவ்ளோதான். உன் தங்கச்சி உன்கிட்ட வந்து கறுப்பா இருக்கேன்கான்னு அழுதா நீ அவகிட்ட என்ன சொல்லுவியோ, அதே குரல்ல அதையே உனக்கும் சொல்லு.

சொந்தக்காரங்ககிட்ட என்ன பேசறதுன்னு தனியா கேட்டிருந்த. பெரியவங்கள எதுத்துப் பேசி சண்ட போட வேணாம், போட்டாலும் அவங்க மாற மாட்டாங்க. கறுத்துட்டியேன்னு சொன்னா, ஆமா அத்தை, வேலைக்கு நடந்து போறேன்ல, உங்க முட்டி வலி எப்படி இருக்குன்னு பேச்ச அவங்க பக்கம் திருப்பிடு. சிரிக்கவும் வேணாம், விளக்கமும் சொல்ல வேணாம். திரும்பத் திரும்ப சொல்றவங்கள தனியாக் கூப்ட்டு, அத்தை நீங்க என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க, ஆனா அதக் கேட்டா எனக்கு ரெண்டு நாளைக்கு சோறு எறங்க மாட்டேங்குது, இனிமே என் உடம்பப் பத்திப் பேச வேணாம்னு மரியாதையா சொல்லு. எல்லாரும் கேக்க மாட்டாங்க, ஒருத்தர் ரெண்டு பேர் கேட்டாலே வீட்டுக்குள்ள காத்து மாறும். அதே மாதிரி நீயும் உன் சிநேகிதிங்களும் சேர்ந்தா ஐயோ என் வயித்தப் பாரேன், உனக்குப் பரவால்லடி எனக்குத்தான்னு மாத்தி மாத்திப் பேசிக்கறது இருக்குல்ல, அது பாசமாத் தெரியும், ஆனா ரெண்டு பேர் மனசையும் அரிக்கும், அத நீ முதல்ல நிறுத்து. தம்பி பிள்ளைங்க முன்னாடி உன் உடம்பத் திட்டாத. பொண்ணு பாத்துட்டுப் போனவங்க விஷயத்துல எனக்குப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, நிறத்தப் பாத்துப் பதில் சொல்லாமப் போன வீட்டுக்கு நீ வாழப் போகாதது எனக்கு நிம்மதிதான்.

சாப்பாடு. ராத்திரி பட்டினி கிடக்கறத இன்னைக்கே விடு. 1944, 45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல 36 ஆம்பளைங்கள, உடம்பாலயும் மனசாலயும் நல்லா இருந்தவங்கள, ஆறு மாசம் பாதிச் சாப்பாட்டுல வச்சுப் பாத்தாங்க, எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புஸ்தகம் படிக்கிறது, கோவம், சோர்வுன்னு ஆயிட்டாங்க, திரும்ப சாப்பாடு கொடுத்தப்ப வயிறு நெறஞ்சும் நிறுத்த முடியாம சாப்ட்டாங்க. உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு நீ எழுதியிருக்க, ராத்திரி பட்டினி போட்டுட்டு காலைல கடையில மொஹிங்கா ரெண்டு கிண்ணம் சாப்ட்டுட்டு அழறேன்னு, அது கட்டுப்பாடு இல்லாததால வர்றது இல்லம்மா, பசியோட வேலை அது. மூணு வேளை சாப்புடு, சோத்தோட பருப்பு, மீனு, கீரைன்னு சேத்துக்க, நேரத்துக்கு சாப்ட்டா ரெண்டு கிண்ணத்துத் தேவை தானா குறையும்.

உடம்ப ஏத்துக்கறதுன்னா ஆரோக்கியத்தப் பாக்கக் கூடாதுன்னு அர்த்தம் எடுத்துக்காத. எடை உயரம் வச்சுக் கணக்குப் போடற பிஎம்ஐய பெல்ஜியத்துல ஒரு வானியல் கணக்கு ஆளுதான் 1830கள்ல உண்டாக்கினாரு, ஜனக்கூட்டத்த அளக்கறதுக்கு, ஒரு ஆளோட உடம்புக்குத் தீர்ப்பு சொல்றதுக்கு இல்ல. இருந்தாலும் ஆசியாக்காரங்களுக்கு சக்கரை நோய் கம்மி எடையிலயே வந்துடுதுன்னு உலக சுகாதார நிறுவனக் குழு 2004ல பிஎம்ஐ 23, 27.5ங்கற எண்கள எச்சரிக்கை அளவா வச்சாங்க, அதனால வருஷத்துக்கு ஒரு தடவை சக்கரையும் பிரஷரும் பாத்துக்கறது நல்லது, குண்டா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும். முக்கியமா ஒண்ணு கேக்கறேன், கழுத்துப் பின்னாடியும் அக்குள்லயும் மட்டும் வெல்வெட் மாதிரி தடிச்சு கறுத்திருக்கா? அங்க எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்க்கிறேன்னு எழுதியிருந்தியே, அதான் கேக்கறேன். அது அழுக்கு கிடையாது, தேச்சா போகாது, புண்ணுதான் ஆகும். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு பேரு, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதுக்கு ஒரு அறிகுறி. கூடவே மாசவிலக்கு தள்ளித் தள்ளிப் போகுதுன்னா பிசிஓஎஸ், அதான் ஹார்மோன் மாறி சினைப்பைல வர்ற பிரச்சனை, அது இருக்கான்னு பாக்கணும். ஒவ்வொரு பொண்ணும் கழுத்துல துப்பட்டாவ சுத்தி மறைச்சுக்கிட்டு வருவா, சுத்தமா குளிக்க மாட்டியான்னு வீட்ல திட்டியிருப்பாங்க, ரத்தம் எடுத்துப் பாத்தா விஷயம் வேற. நடக்கறது, ஆடறது, கும்மியடிக்கிறது, நீந்தறது, உனக்குப் பிடிச்ச மாதிரி உடம்ப அசைச்சா இதுக்கு நல்லது, எடை ஒரு கிலோ கூட குறையாட்டியும் நல்லது.

துணி விஷயம் சின்னதுதான், ஆனா சொல்லிடறேன். இளைச்சப்புறம் போட்டுக்கலாம்னு பொட்டியில வச்சிருக்குற சட்டைய எடுத்து யாருக்காவது குடுத்துடு. லோஞ்சிய எந்த இடுப்புக்கும் சுத்திக் கட்டலாம், அது பாட்டுக்கு அட்ஜஸ்ட் ஆகும், பிரச்சனை மேல் சட்டையிலதான், தையல்காரம்மாகிட்ட இப்ப இருக்குற அளவுக்கே, கைக்கு அரை இஞ்ச் தளர்வா தைக்கச் சொல்லு. மூச்சு முட்டற துணியில எந்தப் பொண்ணுக்கும் தன் உடம்பு நெனப்பு போகாது. புடிச்ச கலர கட்டு, கறுப்புக்கு மஞ்சள் ஒத்து வராதுன்னு சொல்றத எல்லாம் விடு. அடுத்து வர்ற கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம்னு முடிவு பண்ணிட்டுப் போ, ஒரு சிநேகிதியக் கூட்டிக்க, ஒரு போட்டோவுல முன்னாடி நில்லு, அதுக்கு மேல இருக்கணும்னு தோணினா இரு.

கடைசியா, இந்தப் பயிற்சியெல்லாம் போதாம போற நெலமையும் உண்டு. சாப்ட்டுட்டு வாந்தி எடுக்கறது, நாள் முழுக்க சாப்பிடாம இருந்து மயக்கம் போடறது, முகத்துல ஏதோ ஒரு குறைய நெனச்சு நாளுக்கு மணிக்கணக்குல கண்ணாடி முன்னாடியே நிக்கறது, அது மத்தவங்களுக்குக் கண்ணுக்கே தெரியாம இருக்கறது, வேலைக்கே போக முடியாமப் போறது, செத்துடலாமான்னு தோணறது, இதுல எது இருந்தாலும் மனநல டாக்டரப் பாக்கணும், இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு, பேச்சு மூலமாவும் மருந்து மூலமாவும் நல்லாவே சரியாகுது. செத்துடலாம்னு தோணினா அன்னைக்கே யாருகிட்டயாவது சொல்லிடு, ரூம்ல தனியா இருக்காத. டாக்டர்கிட்ட பர்மால எப்படி சொல்றதுன்னு தயக்கமா இருந்தா நீ தமிழ்ல எழுதின கேள்வியவே பர்மால எழுதி எடுத்துட்டுப் போயி நீட்டிடு, படிச்சுக்குவாங்க. க்ளினிக்குக்குத் தனியாப் போக பயமா இருந்தா அம்மாவ பகோல இருந்து வரச் சொல்லு, கூட வந்து வெளிய பெஞ்சில உக்காந்திருக்கட்டும்.